தமிழ்ப்பள்ளியில் கொயர் பொறுப்பு வந்துவிட்டதா? பினாங்கிலிருந்து முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் கொயர், அதாவது பள்ளிப் பாடகர் குழுவின் பொறுப்பை இசை படித்த ஆசிரியரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அரிது. ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் "நீங்க நல்லா பாடுவீங்களே டீச்சர், இந்த வருஷம் கொயரைப் பாத்துக்குங்க" என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். கணிதமோ மலாய்மொழியோ கற்பிக்க வந்தவர், அடுத்த திங்கட்கிழமை சபைகூடலில் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கையைத் தூக்கி நிற்பார். அப்படி நிற்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் கோப்பை வாங்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டே பாடும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால் அந்த ஆண்டு வெற்றிதான். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகளே.

முதல் இரண்டு வாரம் விசாரியுங்கள்

உடனே பயிற்சியைத் தொடங்க வேண்டாம். பள்ளி ஆண்டு 2026 முதல் மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், தைப்பூசம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்த நாள்களில் பிள்ளைகளின் மனம் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருக்கும். சில வீடுகளில் பந்தல் வேலை, சில வீடுகளில் விரதம். அதை அடுத்துச் சீனப் பெருநாள் விடுமுறையும் வரும். இந்த இடைவெளியைத் தகவல் சேர்ப்பதற்குப் பயன்படுத்துங்கள்.

துணைத் தலைமையாசிரியரிடம் ஆண்டு நாட்காட்டியைக் கேட்டு வாங்கி, கொயர் பாட வேண்டிய நாள்களைக் குறித்துவையுங்கள். மே 16 ஆசிரியர் தினம் கட்டாயம் வரும். ஆகஸ்ட் 31க்கும் செப்டம்பர் 16க்கும் நாட்டுப்பற்றுப் பாடல்கள் வேண்டும். அப்புறம் தீபாவளி, பரிசளிப்பு விழா, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததால் அந்த நாள் பினாங்கில் பொது விடுமுறை. அதையொட்டி ஏதாவது நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால் ஏற்பதா வேண்டாமா என்பதையும் இப்போதே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

அடுத்து, பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். பள்ளி முடிந்ததும் வேன் புறப்பட்டுவிடும். வேன் அங்கிள் காத்திருக்க மாட்டார், அவருக்கு அடுத்த பள்ளியில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். பயிற்சி நாளை முடிவு செய்வதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டால், ஆண்டு முழுவதும் பாதிப் பிள்ளைகள் பாதிப் பயிற்சியில் ஓடும் தொல்லை இருக்காது. புறப்பாட நடவடிக்கை நடக்கும் நாளையே கொயருக்கும் எடுத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு குரலையும் தனியாகக் கேளுங்கள்

இதைத் தேர்வு என்று அறிவிக்காதீர்கள். ஓய்வு நேரத்தில் இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டு, பள்ளிப் பாடலின் முதல் வரியை அவர்களுக்கு வசதியான சுருதியில் பாடச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் நான்கைந்து சுரங்கள் பாடி, திருப்பிப் பாடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். பெயருக்கு எதிரே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கீழே எதுவரை இறங்குகிறது, மேலே எதுவரை ஏறுகிறது, கேட்டதைத் திருப்பிப் பாட வருகிறதா.

கேட்ட சுருதியைத் திருப்பிப் பாட முடியாத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து "நீ சும்மா வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிடாதீர்கள். ஒன்பது வயதில் கேட்ட அந்த ஒரு வரியால் வாழ்நாள் முழுக்க வாய் திறந்து பாடாத பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குக் காதில் குறை இருக்காது. பேசும் குரலிலேயே பாடிப் பழகியிருக்கும், மேல் குரல் என்று ஒன்று தனக்கு இருப்பதே தெரியாமல் இருக்கும். அந்தப் பிள்ளை பாடும் சுருதிக்கு முதலில் நீங்கள் போங்கள். இருவரும் ஒரே சுரத்தில் சேர்ந்ததும் "இப்ப ஒட்டிருச்சு, கேக்குதா?" என்று காட்டுங்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் போலக் குரலை வழுக்கிக்கொண்டே மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். பயிற்சியில் நிலையாகப் பாடும் இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்துங்கள். சில மாதங்களில் பெரும்பாலானவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

ஆறாம் ஆண்டுப் பையன்களில் ஒருவர் இருவருக்குக் குரல் உடையத் தொடங்கியிருக்கும். போன மாதம் எளிதாக எட்டிய சுரம் இந்த மாதம் வராது. அது இயல்பு என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர்களுக்கு எட்டும் சுரங்களில் மட்டும் பாட விடுங்கள். குழுவிலிருந்து நீக்க வேண்டியதில்லை.

சுருதிதான் எல்லாம்

தமிழ்ப்பள்ளிக் கொயர்களில் நான் கேட்கும் குறைகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஆசிரியர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாட்டைத் தொடங்கிவிடுகிறார். பிள்ளைகள் கீழே முனகுகிறார்கள். சத்தம் போதவில்லை என்று ஆசிரியர் சொல்ல, அவர்கள் தொண்டையைக் கொடுத்துக் கத்துகிறார்கள்.

கர்நாடக இசை படித்த பெண் ஆசிரியர் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் (சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை என்று எண்ணும் கணக்கு) பாடிப் பழகியிருப்பார். அந்த ஆதார சட்ஜம், அதாவது அடிப்படையான ச, கீபோர்டின் நடுவில் உள்ள நடு சி என்னும் சுரத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் கீழே உள்ள ப, அதாவது கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கினால் பிள்ளைகளுக்கு அங்கே குரலே கிடையாது. ஆண் ஆசிரியர் பாடினால் ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரையிலான அடுக்கு) கீழே கேட்கும். சின்னப் பிள்ளைகள் எந்த ஸ்தாயியில் பிடிப்பது என்று குழம்புவார்கள். அப்போது நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை முதல் வரியைப் பாடிக் காட்டச் சொல்வதுதான் வழி.

பாட்டின் மிகக் கீழான சுரத்தையும் மிக மேலான சுரத்தையும் கீபோர்டில் கண்டுபிடியுங்கள். படிநிலை ஒன்று (முதல் மூன்று ஆண்டு) பிள்ளைகளுக்கு நடு சிக்கு அடுத்த டியிலிருந்து அதற்கு மேலே உள்ள பி வரை வசதியாக இருக்கும். படிநிலை இரண்டுக்கு (நான்கு முதல் ஆறாம் ஆண்டு) நடு சியிலிருந்து மேல் ஸ்தாயி ஈ வரை போகலாம். பாட்டு சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை மட்டும் ஓடினால் நடு ஸ்தாயியில் ஒரு கட்டை அல்லது இரண்டு கட்டை சரியாக வரும். கீழ்ப் பஞ்சமம் வரை இறங்கும் பாட்டாக இருந்தால், நடு சிக்கு மேலே உள்ள நான்கு கட்டை அல்லது ஐந்து கட்டையைச் சட்ஜமாக வையுங்கள். அப்போது கீழ்ப் பஞ்சமம் நடு சியிலோ டியிலோ வந்து நிற்கும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருப்பதால் வாசிக்கும் விரல்களை மாற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.

இணையத்தில் கிடைக்கும் கரோக்கே இசையை வைத்துப் பழக்குவதை நான் ஏற்பதில்லை. பெரியவர்கள் பாடிய சுருதி அது. அந்தச் சத்தத்தின்மேல் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கவும் முடியாது. தம்பூரா செயலி ஒன்று கைப்பேசியில் இருந்தால் போதும். மெதுவாக ஓடவிட்டு அதன்மேல் பாட வையுங்கள்.

சரிகம சொல்லும்போது ஓர் எச்சரிக்கை

கோயில் வகுப்பிலோ தனி ஆசிரியரிடமோ சங்கீதம் கற்கும் பிள்ளைகள் உங்கள் குழுவில் இருப்பார்கள். அவர்களிடம் "சரிகமபதநிச பாடு" என்றால் மாயாமாளவகௌளையில் பாடுவார்கள், ஏனென்றால் தொடக்கப் பாடங்கள் அந்த ராகத்தில்தான். அதில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) தாழ்ந்து நிற்கும். நீங்கள் கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை வாசித்துக்கொண்டிருப்பீர்கள், அது சங்கராபரணம். இரண்டும் மோதும்போது பிள்ளை தப்பாகப் பாடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். "இன்னிக்கு வேற ரி" என்று சொல்லி இரண்டையும் பாடிக் காட்டினால் அவர்கள் நொடியில் பிடித்துக்கொள்வார்கள், மற்ற பிள்ளைகளுக்கும் காது திறக்கும்.

முதல் மாதப் பயிற்சிக்கு மோகனம்தான் என் தேர்வு. ச ரி க ப த என்று ஐந்தே சுரங்கள், அரைச்சுர இடைவெளி எங்கும் கிடையாது. பிசகினாலும் காதைக் குத்தாது, எந்த வரியின்மேல் எந்த வரி ஏறினாலும் ஓரளவு பொருந்தும். பினாங்கில் வளரும் பிள்ளைக்கு இந்த ஐந்து சுர அடுக்கு பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிலும் கேட்டுப் பழகியது.

சங்கீதம் கற்ற பிள்ளைகள், திருமுறை ஓதும் போட்டிகளுக்குப் போய்வந்த பிள்ளைகள், சர்ச்சில் பாடும் பிள்ளைகள், சினிமாப் பாட்டை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கும்போது குரல்கள் ஒட்டாது. ஒருவர் கமகம் போட்டுச் சுரத்தை அசைத்துப் பாடுவார், பக்கத்தில் இருப்பவர் நேராக நிறுத்துவார். கமகம் போடுபவரைக் கண்டிக்காதீர்கள். அது அவர் உழைத்துக் கற்றது. தனியாகப் பாடும் ஓரிரு வரிகளை அவருக்குக் கொடுங்கள், குழுவாகப் பாடும்போது எல்லாரும் சுரத்தை நேராகப் பிடிப்பது என்று பொது விதி வையுங்கள்.

ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது

பள்ளி முடிந்து வரும் பிள்ளைக்குப் பசி. முதல் பதினைந்து நிமிடம் சாப்பிட விடுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் குழுவில் இருந்தால் பயிற்சியைச் சுருக்கி, உட்கார்ந்தே பாட வையுங்கள்.

பிறகு எட்டுப் பத்து நிமிடம் குரலைத் தயார் செய்ய வேண்டும். தோளைத் தளர்த்தி நிற்பது, உதட்டை அதிரவிட்டுக் குரலை மேலும் கீழும் கொண்டுபோவது, வாயை மூடி ம் என்று ரீங்கரிப்பது, மேலிருந்து கீழாக ஐந்து சுரம் இறங்குவது. மேலிருந்து இறங்கும் பயிற்சிதான் மெல்லிய மேல் குரலைக் கீழே கொண்டுவரும், கீழிருந்து ஏறினால் கத்தலை மேலே இழுத்துக்கொண்டு போவார்கள்.

அடுத்து, தெரிந்த பாட்டு ஒன்று. பிறகு புதுப் பாட்டின் ஒரு பகுதி மட்டும். முழுப் பாட்டையும் ஒரே நாளில் முடித்துவிட ஆசை வரும், வேண்டாம். நான்கு வரியைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். தாளத்துக்குத் தொடையில் ஆதிதாளம் போடச் சொல்லுங்கள். எட்டு எண்ணிக்கை என்பதால் நான்கு எண்ணிக்கைப் பாட்டுகளுக்கு அப்படியே பொருந்தும். கடைசியில் பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்றைப் பாடி முடியுங்கள்.

அவர்களோடு சேர்ந்து நீங்கள் பாடிக்கொண்டே இருக்காதீர்கள். நீங்கள் பாடினால் அவர்களைக் கேட்க முடியாது, அவர்களும் உங்கள் குரலில் சாய்ந்துகொள்வார்கள். பாடிக் காட்டுங்கள், நிறுத்துங்கள், கேளுங்கள்.

சபைகூடல் பாடல்கள்

வாரந்தோறும் பாடும் நெகாராகூவும் மாநிலப் பாடலும் பள்ளிப் பாடலும்தான் கொயரின் உண்மையான மேடை. தேசியகீதத்தின் வேகம் 1990களில் கூட்டப்பட்டு, 2003இல் பழைய நிதான நடைக்குத் திரும்பியது. இணையத்தில் இரண்டு வகைப் பதிவுகளும் இருப்பதால் எடுக்கும் பதிவைப் பார்த்து எடுங்கள். நெகாராகூ என்பதன் முதல் எழுத்தை நம் பிள்ளைகள் பல இடங்களில் நீட்டி "நே" என்று பாடுவார்கள். மலாயில் அது வாய் அகலாமல் வரும் லேசான ஒலி. மலாய்மொழி ஆசிரியரை ஒரு முறை வந்து உச்சரிப்பைக் கேட்கச் சொல்லுங்கள், மகிழ்ச்சியாக வருவார்.

தமிழ்ப் பாட்டிலும் இதே கவனம் வேண்டும். மெட்டு நீளும் இடத்தில் குறில் நெடிலாகிவிடும். "மலை" நீண்டு "மாலை" ஆகிவிட்டால் கேட்பவருக்குப் பொருளே மாறிவிடும். அங்கே உயிரொலியை மிகத் திறக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள். ஐகாரத்தில் முடியும் சொல்லை நீட்டும்போது அகரத்தில் நின்று கடைசி நொடியில் இகரத்தைத் தொட்டால் எல்லாரும் ஒரே மாதிரி ஒலிப்பார்கள். ம், ன், ல் என்று முடியும் சொற்களை ஆளுக்கொரு நேரத்தில் மூடுவதுதான் புதுக் குழுக்களின் அடையாளம். உங்கள் விரல் மூடும்போதுதான் அவர்கள் மூட வேண்டும். ழகரத்துக்குத் தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தமிழ்ப்பள்ளிக் கொயர் ழகரத்தைச் சரியாகப் பாடாவிட்டால் வேறு யார் பாடுவது?

பாட்டுத் தேர்வு

ஓர் ஆண்டுக்கு ஆறு பாட்டு போதும். தமிழில் மூன்று, மலாயில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று என்று வைத்தால் எந்த அழைப்பையும் சமாளித்துவிடலாம். எல்லா மதப் பிள்ளைகளும் நிற்கும் குழு என்பதால், பக்திப் பாடலைப் பொது மேடைக்கு எடுப்பதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். இயற்கை, மொழி, நட்பு, நாடு என்று பாட எவ்வளவோ இருக்கிறது.

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, பாடலை எழுதியவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1921இல் மறைந்த பாரதியாரின் வரிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதற்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டுக்கு உரிமை இருக்கலாம். வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மோகனத்தில் நீங்களே எளிய மெட்டு ஒன்று போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது தங்கள் பள்ளிப் பாட்டாகிவிடும்.

இரண்டு குரலாகப் பிரிப்பது

அவசரம் வேண்டாம், ஆண்டின் நடுப்பகுதி வரை ஒரே குரலில் பாடட்டும். பிறகு பாதிப் பேர் சட்ஜத்தைப் பிடித்து நிற்க, மீதிப் பேர் பாட்டைப் பாடட்டும். தம்பூரா கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். அடுத்த கட்டம், ஒரே பாட்டை ஒரு குழு முன்னே தொடங்க, மறு குழு ஒரு வரி பின்னே தொடங்குவது. இதற்கும் மோகனப் பாட்டே ஏற்றது. இந்த இரண்டும் நிலைத்த பிறகுதான் தனித்தனி மெட்டு கொடுக்க வேண்டும். முதல் ஆண்டில் அதுவரை வராவிட்டாலும் குறையில்லை.

மேடை, மழை, புகைமூட்டம்

பிள்ளைகள் கையில் மைக் கொடுக்காதீர்கள். மைக் பிடித்த நான்கு குரல் மட்டும் கேட்கும், மற்ற முப்பது பேர் உழைத்தது வீணாகும். நிலைத்தண்டில் இரண்டு மைக்குகளை முன் வரிசையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சற்று உயர்த்தி, பின் வரிசையை நோக்கி வையுங்கள். ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னால் இருந்தால்தான் கூச்சல் வராது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் பிற்பகல் மழை அதிகம். தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் பாட்டு கேட்காது. அந்த நேரத்தைப் பாடல் வரிகளை மனப்பாடம் செய்யவும் தாளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். திறந்த மண்டபத்தில் பாடுவது ஆழமாக மூச்சு இழுக்கும் வேலை என்பதால், 100ஐ நெருங்கும்போதே நான் பயிற்சியை ரத்து செய்யச் சொல்வேன்.

பெற்றோரும் உங்கள் தொண்டையும்

முதல் பயிற்சிக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பயிற்சி நாள், முடியும் நேரம், உடைச் செலவு, படமோ காணொளியோ வெளியிட அனுமதி ஆகியவை அதில் இருக்கட்டும். உடைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைக் கேட்கலாம், ஆனால் பள்ளிச் சீருடையோடு ஒரே நிறச் சால்வை போட்டாலே அழகாக இருக்கும். உடைக் காசு கொடுக்க முடியாததால் ஒரு பிள்ளை குழுவை விட்டுப் போவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். "என் பிள்ளைக்கு ஏன் தனிப் பாட்டு இல்லை?" என்ற கேள்வி வரும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி வரிகளை வேறு வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்து, அந்தப் பட்டியலை முன்கூட்டியே காட்டிவிட்டால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அடங்கும்.

வகுப்பிலும் பேசி, கொயரிலும் பாடும் உங்கள் குரல் சீக்கிரம் தேயும். கைதட்டி அமைதிப்படுத்தும் வழக்கத்தை முதல் நாளே கொண்டுவந்தால் கத்த வேண்டியிருக்காது. தொண்டைக் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஆண்டு முடியும்போது

ஆறாம் ஆண்டு பிள்ளைகள் போய்விடுவார்கள், பெரும்பாலும் உங்கள் உறுதியான குரல்கள் அவர்கள்தான். ஆகவே செப்டம்பரிலேயே மூன்றாம் ஆண்டு வகுப்புகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பாட வைத்துக் கேளுங்கள். விருப்பமுள்ளவர்களைக் கடைசி இரண்டு மாதம் பெரியவர்களோடு நிற்க வையுங்கள். அடுத்து ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: பாடிய பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் பொருந்திய சுருதி, குரல் எல்லை குறித்த பெயர்ப்பட்டியல், நிகழ்ச்சிப் பதிவுகள், வேன் அங்கிளின் எண், மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது வரை. உங்களுக்கு இடமாற்றம் வந்தாலும் அடுத்து வருபவர் அந்தக் கோப்பைத் திறந்து மறுநாளே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.